கட்டடக் கலைஞர் என்ற பெயரும் சட்டமும்

திருத்தணி மலைக்கோயிலையும் அதற்கு ஏறும் 365 படிகளையும் அமைத்தவர்களிடம் பதிவுச் சான்றிதழ் எதுவும் இருந்ததில்லை. குருவிடம் கற்ற வித்தையே அவர்களுக்குத் தகுதி.

இந்தியாவில் ஆர்க்கிடெக்ட்களுக்குப் பதிவேடு கொண்டுவந்தது 1972ஆம் ஆண்டுச் சட்டம். பட்டம் இல்லாவிட்டாலும், குறைந்தது 5 ஆண்டுகள் இத்தொழில் செய்த இந்தியக் குடிமக்களுக்கும் முதல் பதிவேட்டில் இடம் கிடைத்தது. பதிவு செய்யாமல் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொண்டால், முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம் என்றது சட்டம்.

ஆனால் மற்றவர்கள் வரைபடம் போடுவதை அது தடுக்கவில்லை. சட்டம் காப்பது பட்டப்பெயரை மட்டுமே, தொழிலை அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே இன்று திருத்தணியில் வீடு கட்டுபவர், பெயர்ப்பலகையை மட்டும் பார்க்காமல் பதிவு எண்ணையும் கேட்பது நல்லது.