காற்றோடு போன இசையும் தட்டில் நின்ற இசையும்

கொல்கத்தாவின் தென்மேற்கே, ஹூக்ளி நதியின் கிழக்குக் கரையோரமாக நீண்டு கிடக்கும் பகுதிக்குக் கார்டன் ரீச் என்று பெயர். ‘ரீச்’ என்பது மாலுமிகளின் சொல். நதி அதிகம் வளையாமல் நேராகச் செல்லும் நீட்சியைக் குறிப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினியார் காலத்து வெள்ளையர் அங்கே தோட்டம் சூழ்ந்த மாளிகைகளை எழுப்பினர். பெயரின் முற்பகுதி அவ்வாறு வந்தது. இன்று தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும் கப்பல் கட்டும் தொழிற்சாலையும் அங்கே இருக்கின்றன. அங்கு பணிபுரிந்த தமிழன்பர்களிற் பலர் அவ்விடத்தைக் கோப்புகளோடும் சம்பளத் தேதியோடும் மட்டுமே சேர்த்து நினைப்பவராக இருக்கலாம். ஆனால், ஓர் அவையில் எழுந்த இசை அவை கலைந்தபின் எங்கே போகிறது என்னும் கேள்வியை நாம் ஆராயப் புகுந்தால், கார்டன் ரீச்சிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

1856-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அயோத்தி அரசை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அரசிழந்த நவாபு வாஜித் அலி ஷா அவ்வாண்டு மே மாதம் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1857-இல் மூண்ட கிளர்ச்சியின்போது வில்லியம் கோட்டையில் அவரைச் சிறைவைத்தனர். 1859-இல் விடுதலை பெற்று, கார்டன் ரீச்சைச் சேர்ந்த மெட்டியாபுரூசில் நிலையாகத் தங்கினார். நாடு போயிற்று, நாட்டம் போகவில்லை. பாடகரும் ஆடலரும் வாத்தியக்காரரும் லக்னோவிலிருந்து அவரை நாடி வந்தனர். தும்ரியும் கதக்கும் வங்காளத்தில் வேரூன்றியதற்கு அந்த அவை பெருங்காரணம். நவாபு தாமே கவி இயற்றியவர், இசை அமைத்தவர், ஆடலும் அறிந்தவர். ஆளத் தெரியாதவர் என்று ஆங்கிலேய அதிகாரிகள் அவரைப் பழித்தனர். கலையைப் பேணியதையே குற்றமாகக் காட்டிய அத்தீர்ப்பை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை.

அவர் 1887-இல் காலமானார். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877-இல். இடையே பத்து ஆண்டுகள் இருந்தன. எனினும் மெட்டியாபுரூசின் இரவுகளில் ஒன்றைக்கூட இன்று நாம் காதால் கேட்க வழியில்லை. அங்கே பாடியது மாணவர் தொண்டை வழியாகவே பிழைத்தது.

அத்தகைய தொண்டைகளில் ஒன்று கௌஹர் ஜானுடையது. அவருடைய தாயார் மல்கா ஜான் 1883-இல் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்து நவாபின் அவையில் இடம்பெற்றார். மகளுக்கு அப்போது வயது பத்து. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்தபோது, ஒலிகுவிக்கும் குழாயின்முன் நின்று பாடினார் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டு ஜெர்மனியில் தயாராக வேண்டியிருந்ததால் இன்னார் பாடியது என்று அங்குள்ளவர் அறிய அது உதவியது. இராப்பொழுது முழுதும் விரியக்கூடிய தும்ரி மூன்று நிமிடத்துக்குள் அடங்க வேண்டியதாயிற்று. கௌஹர் ஜான் அதற்கு இசைந்து பாடி, நாடெங்கும் புகழ் பெற்றார். 1930-இல் மைசூரில் அவர் மறைந்தார்.

நாற்பது ஆண்டு கழித்து அதே மூன்று நிமிடம் வேறோர் இசையை நெருக்கிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்கள் படைத்த ஜாஸ், கப்பல் வழியே கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கெல்லாம் வந்தது. 1926-இல் சிக்காகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் ஒரே குழுவில் வாசித்துத் தட்டு வெளியிட்ட பியானோ வல்லுநர் டெடி வெதர்ஃபோர்டு, ஷாங்காயிலும் பம்பாயிலும் இருந்துவிட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தா சௌரங்கி வீதியில் உள்ள கிராண்ட் ஹோட்டலில் குழு நடத்தினார். பஞ்சமும் போரும் நகரை வாட்டிய நாட்கள் அவை. விடுதிக்குள்ளே சிப்பாய்களுக்கு நடனம், வெளியே நடைபாதையில் பசிப்பிணம். இந்த முரணை மறந்துவிட்டு அவ்விசையைப் பேசுவது முறையன்று. கொலம்பியா முத்திரையில் அவர் கல்கத்தாவில் பதிந்த தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே. ஜாஸின் உயிர், வாசிப்பவர் அந்தந்தக் கணத்தில் கற்பனையாக வளர்த்துச் செல்வதில் இருக்கிறது. நம் கச்சேரியில் நிரவலையும் கற்பனைச் சுரத்தையும் நீக்கிப் பல்லவியை மட்டும் பாடச் சொன்னால் என்ன மிஞ்சுமோ, அதுவே அத்தட்டுகளில் மிஞ்சியது. வெதர்ஃபோர்டு 1945 ஏப்ரலில் வாந்திபேதி கண்டு கல்கத்தாவிலேயே இறந்தார்.

மூன்றே ஆண்டில், 1948-இல், நீண்டநேரம் சுழலும் இசைத்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. காந்த நாடாவும் போருக்குப்பின் எங்கும் பரவிற்று. அதன் பயன் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். 1965 ஜூன் 17 அன்று, நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் சன்னி ராலின்ஸ் சாக்ஸபோன் வாசித்தார். பக்கத்தில் பியானோ, பாஸ், இரண்டு தாளக்காரர். அன்று பதிந்ததை 1978-இல் தட்டாக வெளியிட்டனர். ஒரே பாட்டு பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நடந்துகொண்டே வாசித்ததனால் அவருடைய நாதம் ஒருகால் அருகிலும் ஒருகால் தொலைவிலும் கேட்கிறது. ஒலிப்பதிவு செம்மையில்லை என்று குறை கூறுவோர் உண்டு. எமக்கோ அக்குறையே அத்தட்டின் செல்வமாகப் படுகிறது: கூடம் கேட்கிறது, இடைவெளி கேட்கிறது, மனிதர் நடமாடுவது கேட்கிறது. இந்த ராலின்ஸ் சில ஆண்டுகளுக்குள் பம்பாய்ப் பக்கத்துப் போவாய் ஆசிரமம் ஒன்றில் வந்து தங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

கிராண்ட் ஹோட்டலிலிருந்து, 1814-இல் நிறுவிய இந்திய அருங்காட்சியகத்துக்கு அதே சௌரங்கி வீதியில் சில நிமிட நடையே. 1945-இல் அங்கே பியானோ இருந்தது. கலைப்பொருள் நிறைந்த கூடம் இருந்தது. நகரின் வடக்கே டம்டமில் இசைத்தட்டுத் தொழிற்சாலையும் இருந்தது. நீண்ட நாடா மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.