ஒரு சிறைச்சாலை டெண்டரில் தொடங்கிய கணக்கு

1983 செப்டம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் மாநகராட்சி ஒரு டெண்டர் விட்டது. நகரச் சிறைச்சாலையில் துருப்பிடிக்காத எஃகுக் கழிப்பறைச் சாதனங்களை வாங்கிப் பொருத்தித் தர வேண்டும். வேலை சிறியது. ஆனால் அதைச் சுற்றி எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும் நடத்தும் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் பங்கு ஒதுக்க நினைத்த அமெரிக்க நகரங்களெல்லாம் அதன்பின் முதலில் ஓர் ஆய்வு நடத்த வேண்டியதாயிற்று. அதற்கு ஏற்றத்தாழ்வு ஆய்வு என்று பெயர். அது பிறந்த இடம் இந்த டெண்டர்தான்.

உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகர் ரிச்மண்ட். அதே ஊரின் ஜாக்சன் வார்டு பகுதியில் கறுப்பின வணிகம் செழித்திருந்தது. அமெரிக்காவில் வங்கி தொடங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி மேகி வாக்கர் 1903-ல் தன் வங்கியைத் திறந்ததும் இங்கேதான். 1950-களில் அந்தப் பகுதியின் குறுக்கே நெடுஞ்சாலை போட்டு அதை இரண்டாகப் பிளந்தார்கள். 1970-ல் வெள்ளையர் மிகுதியாக வாழ்ந்த புறநகர்ப் பகுதியை நகரோடு இணைத்தார்கள். கறுப்பின வாக்குகளின் பலத்தைக் குறைக்கத்தான் அந்த இணைப்பு என்று வழக்குப் போட்டதில், மாநகர மன்றத் தேர்தலே 1977 வரை நடக்கவில்லை. கடைசியில் வட்ட வாரியாகத் தேர்தல் நடந்தபோது ஒன்பது இடங்களில் ஐந்தில் கறுப்பினத்தவர் வென்றார்கள். ஹென்றி மார்ஷ் முதல் கறுப்பின மேயரானார்.

புதிய மன்றத்தின் முன் வந்த ஒரு கணக்கு அதிரவைப்பது. நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் கறுப்பினத்தவர். ஆனால் 1978 முதல் 1983 வரையிலான ஐந்தாண்டுகளில் நகரம் கொடுத்த கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மை நிறுவனங்களுக்கு நேரடியாகப் போனது 0.67 சதவீதம். நூறு டாலரில் ஒரு டாலர்கூட இல்லை. ஒப்பந்ததாரர் சங்கங்களில் கறுப்பின உறுப்பினர்கள் அநேகமாக இல்லவே இல்லை.

வழிகாட்ட முன்னுதாரணம் இருந்தது. 1974-ல் அட்லாண்டாவின் மேயராகப் பொறுப்பேற்ற மேனார்ட் ஜாக்சன், விமான நிலைய விரிவாக்கப் பணியில் சிறுபான்மை நிறுவனங்களுக்கு நான்கில் ஒரு பங்காவது வேண்டும் என்று நின்றார். பெரிய நிறுவனங்கள் கறுப்பின நிறுவனங்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும் என்பது அவர் கண்ட வழி. விமான நிறுவனங்களும் வணிகப் பெருந்தலைகளும் கடுமையாக எதிர்த்தும் அவர் இறங்கிவரவில்லை. 1980 செப்டம்பரில் புதிய முனையம் திறந்தது. சிறுவனாகச் சுவருக்குப் பூச்சு வேலை பார்த்துத் தொழிலுக்குள் வந்த ஹெர்மன் ரஸ்ஸல் போன்றவர்கள் அந்தக் கட்டுமானத்தில் பங்குதாரர்களாக நின்றார்கள். அதே ஜாக்சன்தான் 1977-ல் வேலைநிறுத்தம் செய்த நூற்றுக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்களை வேலையை விட்டு நீக்கினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஒப்பந்தத்தில் பங்கு என்பது முதலாளி ஆகக்கூடியவர்களுக்கான நியாயம் மட்டுமே என்று அப்போதே எழுந்த விமர்சனத்தை நான் புறந்தள்ள மாட்டேன். ஆனாலும் அந்த நியாயமும் அதுவரை மறுக்கப்பட்டிருந்தது.

ரிச்மண்ட் மன்றம் 1983 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது. நகரக் கட்டுமான ஒப்பந்தம் எடுப்பவர் சிறுபான்மையினர் அல்லாதவராக இருந்தால், மொத்தத் தொகையில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறுபான்மை நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தர வேண்டும்.

இனி அந்தச் சிறைச்சாலை டெண்டர். ஜே. ஏ. க்ராசன் என்ற குழாய்ப்பணி நிறுவனம் போட்டியிட முடிவு செய்தது. சாதனங்களின் விலையே மொத்தத்தில் முக்கால் பங்கு. ஆகவே சிறுபான்மை நிறுவனம் ஒன்றின் மூலம் அவற்றை வாங்கினால்தான் 30 சதவீதம் தேறும். கெடு முடியும் நேரத்தில் உள்ளூர்க் கறுப்பின நிறுவனம் ஒன்று முன்வந்தது. விலைப்புள்ளிக்காக அது சாதனங்களை விற்கும் இரண்டு இடங்களை அணுகியது. ஒருவர், 'க்ராசனுக்கு ஏற்கெனவே விலை சொல்லிவிட்டேன், உங்களுக்குச் சொல்ல முடியாது' என்று மறுத்துவிட்டார். இன்னொருவர் கடன் தகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்றார்; அதற்குக் குறைந்தது 30 நாள் ஆகும். டெண்டர் திறப்புக்கு இருந்ததோ ஒரு நாள்.

டெண்டரைத் திறந்தபோது க்ராசன் ஒருவரே போட்டியாளர். கேட்ட தொகை 1,26,530 டாலர். சில நாள் காத்திருந்துவிட்டு, சிறுபான்மை நிறுவனம் கிடைக்கவில்லை, விதியிலிருந்து விலக்கு வேண்டும் என்று க்ராசன் மனுக் கொடுத்தது. அதன் பிறகே கறுப்பின நிறுவனத்தின் விலைப்புள்ளி வந்து சேர்ந்தது. சாதனங்களுக்கு க்ராசன் போட்டிருந்த விலையைவிட 6,183 டாலர் அதிகம். நகரம் விலக்கும் தரவில்லை, விலையைக் கூட்டவும் சம்மதிக்கவில்லை. மறு டெண்டர் என்றது. க்ராசன் நீதிமன்றம் போனது.

இந்த விவரங்களெல்லாம் வழக்கின் ஆவணங்களிலேயே இருக்கின்றன. சிறிய நிறுவனம் அரசு ஒப்பந்தத்தில் ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையா? வேலை தெரியாமல் அந்த நிறுவனம் தோற்கவில்லை. பொருள் விற்பவருக்கு அதைத் தெரியாது, கடன் கணக்கு இல்லை, விலை கேட்டால் பதில் வராது, வரும்போது கெடு முடிந்திருக்கும், வந்த விலையும் மற்றவருக்குக் கிடைத்ததைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் உச்ச நீதிமன்றம் இந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை.

1989 ஜனவரி 23 அன்று, ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில், ரிச்மண்டின் விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். மக்கள்தொகையில் பாதி, ஒப்பந்தத்தில் 0.67 என்று ஒப்பிட்டது தவறு என்றார் அவர். அந்த வேலையைச் செய்யும் தகுதியுள்ள சிறுபான்மை நிறுவனங்கள் ஊரில் எத்தனை என்று நகரம் எண்ணிப் பார்க்கவே இல்லையே என்று கேட்டார். சங்கங்களில் கறுப்பினத்தவர் இல்லாததற்குப் பாகுபாடு மட்டும்தான் காரணமா, அவர்கள் வேறு தொழில்களை நாடியிருக்கலாமே என்றும் எழுதினார். ரிச்மண்டின் சிறுபான்மையினர் பட்டியலில் தொலைதூர அலாஸ்காவின் எஸ்கிமோக்களையும் அலூட் மக்களையும் சேர்த்திருந்ததைச் சுட்டிக்காட்டியது மட்டும் சரியான அடி. அந்தக் கவனக்குறைவுக்கு நகரம் விலை கொடுத்தது. எதிர்த்த மூவரில் முதன்மை எதிர்ப்புத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். கூட்டமைப்பின் பழைய தலைநகரே தன் தவற்றைத் திருத்த முன்வரும்போது அதைத் தடுப்பதா என்பது அவருடைய ஆதங்கம். என் மனம் மார்ஷல் பக்கம்தான்.

ஆனால் ஓ'கானர் தீர்ப்பு ஒரு வழியைத் திறந்தே வைத்திருந்தது. தகுதியும் விருப்பமும் உள்ள சிறுபான்மை நிறுவனங்களின் எண்ணிக்கைக்கும், உண்மையில் வேலை பெறுபவற்றின் எண்ணிக்கைக்கும் இடையே கணிசமான இடைவெளி இருந்தால், அங்கே விலக்கிவைப்பு நடக்கிறது என்று ஊகிக்கலாம் என்றது தீர்ப்பு. ஏற்றத்தாழ்வு ஆய்வின் விதை இந்த ஒரு கருத்து.

அட்லாண்டாவும் தப்பவில்லை. அதே 1989 மார்ச்சில் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் அந்த நகரத்தின் திட்டத்தையும் ரத்து செய்தது. நகரம் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரான பொருளியல் அறிஞர் ஆண்ட்ரூ பிரிம்மரையும், முன்னாள் தொழிலாளர் துறை அமைச்சர் ரே மார்ஷலையும் அழைத்தது. 1990-ல் அவர்கள் தந்த அறிக்கை ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. செலவு ஐந்து லட்சம் டாலருக்கு மேல். இனப் பிரிவினைக் காலம் தொட்டு அட்லாண்டாவில் கறுப்பின வணிகம் எப்படி ஒடுக்கப்பட்டது என்ற வரலாறு, புள்ளிவிவரம், தொழில் செய்பவர்களின் வாக்குமூலம் எல்லாம் அதில் இருந்தன. பின்னால் வந்த ஆய்வுகளுக்கு அது முன்மாதிரிகளில் ஒன்றானது.

கணக்கு முறை எளிது. ஒரு துறையில் வேலை செய்யத் தயாராக உள்ள நிறுவனங்களில் சிறுபான்மையினருடையவை 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தின் பணத்தில் அவற்றுக்குப் போனது 8 சதவீதம். எட்டை இருபதால் வகுத்து நூறால் பெருக்கினால் 40. நூறு வந்தால் சமம். எண்பதுக்குக் கீழே போனால் கணிசமான ஏற்றத்தாழ்வு என்று கொள்வது வழக்கம். எண்கள் எங்கே என்று காட்டும். ஏன் என்று சொல்வது ஆய்வுக்காகத் திரட்டும் நேர்காணல்களும் பொது விசாரணைகளும். பெரிய ஒப்பந்ததாரர்கள் விலைப்புள்ளி கேட்பார்கள், அதை மற்றொருவரிடம் காட்டி விலையைக் குறைத்துக்கொள்வார்கள். துணை ஒப்பந்ததாரரின் பெயரை டெண்டரில் போட்டு வேலை எடுத்தபின் கூப்பிடவே மாட்டார்கள். செய்த வேலைக்குப் பணம் மாதக்கணக்கில் வராது. பிணை உத்தரவாதம் இல்லாமல் பெரிய வேலை கிடையாது. பெரிய வேலை செய்து காட்டாதவருக்கு உத்தரவாத நிறுவனம் பிணை நிற்காது. இப்படிப்பட்ட குறைகள் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பப் பதிவாகின.

ஒதுக்கீட்டுக்கு முன் இனம் பார்க்காத வழிகளை முயன்றீர்களா என்றும் ஓ'கானர் தீர்ப்பு கேட்டிருந்தது. டெண்டர் நடைமுறையை எளிமையாக்குவது, பிணைத் தொகையைத் தளர்த்துவது, சிறு தொழில்முனைவோருக்குப் பயிற்சியும் நிதியுதவியும் தருவது. நகரங்கள் இவற்றையும் கையில் எடுத்தன. பெரிய ஒப்பந்தத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்தன. பணத்தைச் சீக்கிரம் பட்டுவாடா செய்ய விதி கொண்டுவந்தன. சிறிய வெள்ளையர் நிறுவனங்களுக்கும் இவற்றால் நன்மை கிடைத்தது. இது வரவேற்க வேண்டியதே.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. ஆய்வு எண்ணுவது உயிரோடு இருக்கும் நிறுவனங்களை. வேலை கிடைக்காமல் மூடிப்போன கடை கணக்கில் வராது. வங்கி கடன் தராததால் தொடங்கப்படாத நிறுவனம் எந்தப் பட்டியலிலும் இல்லை. விலக்கிவைப்பு எவ்வளவு முழுமையாக நடந்ததோ, அவ்வளவுக்குத் தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கை குறையும். இடைவெளியும் சிறிதாகத் தெரியும். டென்வர் நகரம் 1990-ல் இயற்றிய சட்டத்தை எதிர்த்து ஒரு கட்டுமான நிறுவனம் போட்ட வழக்கில் இந்தக் கேள்வி நேரடியாக எழுந்தது. சிறுபான்மையினர் தொழில் தொடங்குவதற்கே உள்ள தடைகளையும், கடன் மறுக்கப்படுவதையும் சான்றாக ஏற்கலாம் என்று 2003-ல் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி டென்வர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு இறுதியில் மேல்முறையீட்டை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. நீதிபதி ஸ்காலியா அந்த மறுப்பை எதிர்த்து எழுதினார். தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் அவருடன் சேர்ந்துகொண்டார்.