மூளை பல்பிலா, சுவரிலா?

வீட்டு விளக்குகளைக் கைபேசியிலிருந்து இயக்க இரண்டு வழிகள் உண்டு. ஹோல்டரில் மாட்டும் ஸ்மார்ட் பல்பு ஒன்று. ஸ்விட்ச் போர்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ரிலே மாட்யூல் இன்னொன்று. கடையில் முதலில் கண்ணில் படுவது பல்புதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டாம். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, செயலியில் சேர்த்தால் வேலை முடிந்தது. வேலை செய்யும் நேரத்தில் 6500 கெல்வின் வெள்ளை, தூங்கப் போகுமுன் 2700 கெல்வின் மஞ்சள் என்று நிறம் மாற்றுவது பல்பால்தான் ஆகும். ரிலேவுக்கு அந்தக் கலை தெரியாது. கரண்டை விடும், நிறுத்தும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவு போதும் என்பதே என் கட்சி. ஸ்மார்ட் பல்புக்கு மின்சாரம் எப்போதும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அறையை விட்டு வெளியே வரும் பாட்டி பழக்கதோஷத்தில் சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டால் போதும். பல்பு செத்த மாதிரி. பிறகு செயலியைக் கெஞ்சினாலும், குரலில் அதட்டினாலும் அசையாது. ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மாமாவுக்கு அந்த டேப் எதற்கென்று யார் சொல்வது? மாட்யூலுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுவரில் தட்டினாலும் எரியும், கைபேசியில் தொட்டாலும் எரியும். வைஃபை போனாலும் ஸ்விட்ச் ஸ்விட்சாகவே இருக்கும்.

கரண்ட் போய் வரும் நேரம் இன்னொரு சோதனை. பல ஸ்மார்ட் பல்புகள் மின்சாரம் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும்படி அமைக்கப்பட்டவை. நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்வெட்டு முடிந்தால் படுக்கையறை கல்யாண மண்டபம் ஆகிவிடும். ‘முந்தைய நிலைக்குத் திரும்பு’ என்ற வசதி செயலியில் இருக்கிறதா என்று வாங்குமுன்பே பார்த்துவிட வேண்டும்.

மாட்யூலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அது இயங்க நியூட்ரல் ஒயர் வேண்டும். அமெரிக்காவின் பழைய வீடுகள் பலவற்றில் ஸ்விட்ச் பெட்டிக்கு நியூட்ரலே வராது. நம்மூரில் அதே போர்டில் ஒரு பிளக் பாயின்டும் இருப்பதால் கறுப்பு ஒயர் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கும். மாடிப்படியின் டூ-வே ஸ்விட்சில்தான் அது இல்லாமல் போகும். நியூட்ரல் தேவையில்லை என்று விற்கும் மாட்யூல்கள் தமக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டு எடுத்துக்கொள்கின்றன. அதனால் அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக மினுக்கும். போர்டுக்குள் இரும்புப் பெட்டி இருந்தால் வைஃபை சிக்னல் தடுமாறும் என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் பேசிக்கொள்வது நல்லது. இது 230 வோல்ட் சமாச்சாரம்; மெயினை அணைத்துவிட்டு அவரே செய்யட்டும்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடலாம். அணைந்த நிலையில் பல்பு அரை வாட் தின்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 4.4 யூனிட். நாள்தோறும் 4 மணி நேரம் எரியும் 9 வாட் பல்பின் ஆண்டுச் செலவே 13 யூனிட்தான். நான்கு விளக்குகளுக்கு நான்கு பல்புகள் விழித்திருக்கும் இடத்தில், நான்கு இணைப்புள்ள மாட்யூல் ஒன்று போதும்.

வாடகை வீட்டுக்காரர் பேச்சு வேறு. போர்டைத் திறக்க உரிமையாளர் விடமாட்டார். பல்பு என்றால் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். சொந்த வீட்டிலும் கட்டிலருகே உள்ள விளக்குக்கு நான் பல்பையே சொல்வேன்.

மாடிப்படிக்கு இரண்டுமே வேண்டாம். ஆள் நடமாட்டம் கண்டு எரியும் பி.ஐ.ஆர். சென்சார் பல்பு வைஃபையும் கேட்காது, செயலியும் கேட்காது. அதைக் கழிப்பறையில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.