சோடாபுட்டி

பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'சோடாபுட்டி'. சொந்தப் பெயரை வருகைப் பதிவேட்டில் வாத்தியார் மட்டும்தான் வாசிப்பார். பவர் மைனஸ் ஒன்பது. அப்போதெல்லாம் மூக்குக் கண்ணாடி என்றால் நிஜக் கண்ணாடிதான். ஓரத்தில் பென்சில் தடிமன் இருக்கும். மூக்கின் இருபுறமும் பள்ளம் விழுந்துவிடும்.

பெண் பார்க்கப் போனபோது அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதிரே புகைமூட்டமாய் ஒரு புடவை தெரிந்தது. "பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டேன். "பார்க்காமலே சம்மதிச்ச மனுஷன்" என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பிளாஸ்டிக் லென்ஸ் கிடைத்தது. அதற்கு ஒரு கதை உண்டு. சிஆர்-39 என்ற அந்தப் பிளாஸ்டிக் இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க விமானங்களின் எரிபொருள் தொட்டிகளுக்குப் பயன்பட்டது. போர் முடிந்து 1947இல் கலிபோர்னியாவில் அதில் லென்ஸ் செய்தார்கள். எடை கண்ணாடியில் பாதிதான். ஆனால் தடிமன் குறையவில்லை. காரணம், ஒளியை வளைக்கும் திறன். சாதாரணக் கண்ணாடிக்கு அது 1.523, சிஆர்-39க்கு 1.5. மூக்கு பிழைத்தது, பட்டப்பெயர் போகவில்லை.

1980களின் பிற்பகுதியில் ஜப்பானியர்கள் கந்தகம் கலந்த பிளாஸ்டிக்கில் 1.60 கொண்டுவந்தார்கள். பிறகு 1.67, அதற்கும் மேலே 1.74.

போன மாதம் கல்லூரியில் சேரும் பேத்திக்குக் கண்ணாடி வாங்கப் போனோம். அவளுக்கும் என் பவர்தான். கண்ணாடி போட்டுப் போட்டோ எடுக்கவே மாட்டாள். கடைக்காரர் 1.74தான் வேண்டும் என்றார். நான் கணக்குப் போட்டேன். ஒன்றைக் கழித்துவிட்டு மீதியை ஒப்பிட்டால் போதும். சாதாரணப் பிளாஸ்டிக்கைவிட 1.67 கால் பங்கு மெலிவு, 1.74 மூன்றில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விலையோ எங்கேயோ போகிறது. மைனஸ் லென்ஸ் ஓரத்தில்தான் தடிக்கும். ஆகவே ஃபிரேமைச் சின்னதாக எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. இந்த மெல்லிய லென்ஸ்கள் வெளிச்சத்தை அதிகம் பிரதிபலிக்கும். மிச்சமான பணத்தில் கூச்சம் தடுக்கும் பூச்சு போடச் சொன்னேன். ஓரக்கண்ணால் விளக்கைப் பார்த்தால் லேசாக வண்ணக்கரை தெரியும் என்பதையும் அவளிடம் முன்னாலேயே சொல்லிவைத்தேன்.

சின்ன வட்ட ஃபிரேமில் 1.67 வந்தது. கடையிலேயே மாட்டிக்கொண்டு, என்னையும் பக்கத்தில் இழுத்து நிறுத்திப் போட்டோ எடுத்தாள். நானும் கண்ணாடியைக் கழற்றவில்லை.