அம்மாவுக்கு 1, நாய்க்கு 12: ஒரு மாத்திரைக் கணக்கின் வரலாறு

இந்த வாரம் வேற ஒரு டாபிக் எடுக்கிறதா இருந்தேன். ஆனா கொல்லிமலை தேவனூர் நாட்டுல இருந்து வந்த ஒரு கேள்வி அதைத் தள்ளி வெச்சுடுச்சு.

கேட்டவர் பெங்களூர்ல வேலை பார்க்கிறார். கொரோனா காலத்துல ஆசையா வாங்கின லேப்ரடாரை இப்போ ஊர்ல அப்பா அம்மாகிட்ட விட்டிருக்கார். கொஞ்ச நாளா நாய் சோர்ந்தே கிடக்குது. சாப்பாடு அதே அளவுதான், ஆனா எடை ஏறுது. வால் முடி கொட்டி எலி வால் மாதிரி ஆயிடுச்சு. எப்பவும் அடுப்பு பக்கத்துலயே படுத்திருக்கு. கீழே கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்ததுல தைராய்டு குறைவுன்னு தெரிஞ்சிருக்கு. டாக்டர் எழுதிக் குடுத்தது லெவோதைராக்சின், அதாவது அவங்க அம்மா தினமும் சாப்பிடற அதே மருந்து.

சிக்கல் அளவுல. 60 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம், ஒரே ஒரு மாத்திரை. 30 கிலோ நாய்க்கு காலையில 600, சாயங்காலம் 600. அதே மாத்திரையில ஒரு நாளைக்கு 12! மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துட்டு, தப்பா எழுதியிருக்காங்கன்னு சொல்லிட்டார். அம்மாவும் பயந்துபோய் ஒண்ணே ஒண்ணு மட்டும் குடுத்துட்டு இருக்காங்க. "அண்ணா, டாக்டர் சொன்னது சரியா, கடைக்காரர் சொன்னது சரியா?"

டாக்டர் சொன்னதுதான் சரி. நாய்களுக்கு வழக்கமா ஆரம்பிக்கிற அளவே கிலோவுக்கு சுமார் 20 மைக்ரோகிராம், தினம் ரெண்டு வேளை. மனுஷங்களுக்கு முழு அளவே கிலோவுக்கு 1.6 தான். கிலோ கணக்குல பார்த்தா நாய்க்கு 25 மடங்கு. ஏன் இப்படின்னு புரியணும்னா, ஹார்மோன்னு ஒண்ணு உடம்புக்குள்ள எப்படிப் பயணம் செய்யுதுங்கறதை யார் கண்டுபிடிச்சாங்கன்னு பார்க்கணும். கண்டுபிடிச்சது விஞ்ஞானிகள், விலை குடுத்தது நாய்கள்.

முதல்ல மோரிட்ஸ் ஷிஃப். ஜெர்மனியில பிறந்து சுவிட்சர்லாந்துல வேலை பார்த்த உடலியல் அறிஞர். 1850களிலேயே நாய்களோட தைராய்டு சுரப்பியை வெட்டி எடுத்துப் பார்த்தார், நாய்கள் செத்துப்போச்சு. 1884ல ஜெனீவாவுல மறுபடியும் செஞ்சப்போ ஒரு படி மேலே போய், இன்னொரு நாயோட தைராய்டை வயித்துக்குள்ள வெச்சார். அந்த நாய்கள் தாக்குப்பிடிச்சது. கழுத்துல இருக்க வேண்டிய உறுப்பு வயித்துல இருந்தாலும் வேலை நடக்குதுன்னா, அதுல இருந்து ஏதோ ஒண்ணு ரத்தத்துல கலந்து போகுதுன்னுதானே அர்த்தம்? (நாய்கள் அவ்வளவு வேகமா செத்ததுக்கு, தைராய்டை ஒட்டியிருக்கிற பாராதைராய்டையும் சேர்த்து வெட்டினது பெரிய காரணம். அது பின்னாடி தெரிஞ்ச விஷயம்.)

ஆனா அப்போ பெரும்பாலானவங்க நம்பினது நரம்பைத்தான். ரஷ்யாவுல பாவ்லோவ், வயித்துல இருந்து கணையத்துக்கு சேதி போறது நரம்பு வழியாத்தான்னு சொல்லிட்டு இருந்தார்.

இங்க ஒரு சின்ன தமிழ்ப் பிரச்சினை. நம்ம ஊர்ல "நரம்புல ஊசி போட்டாங்க"ன்னு சொல்றோம் இல்லையா, அது நரம்பே இல்ல, ரத்தக்குழாய். பேச்சுல ரெண்டுக்கும் ஒரே சொல். ஆனா 1902ல நடந்த சண்டையே இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

ஜனவரி 16, 1902. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங். மச்சான் உறவு வேற, ஸ்டார்லிங்கோட தங்கச்சியைக் கட்டினவர் பேலிஸ். மயக்கம் குடுத்த ஒரு நாயோட சிறுகுடல்ல ஒரு துண்டுக்குப் போற நரம்புகளை எல்லாம் வெட்டிட்டு, அந்தத் துண்டுக்குள்ள அமிலம் ஊத்தினாங்க. நரம்பு இல்லைன்னா கணையம் சும்மா இருக்கணும். ஆனா சுரந்தது. உடனே அந்தக் குடலோட உள்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைச்சு, வடிகட்டி, கழுத்து ரத்தக்குழாய்ல ஏத்தினாங்க. கொஞ்ச நேரத்துல கணையம் மறுபடியும் சுரந்தது. சேதி ஒயர்ல வரல, ரத்தத்துல மிதந்து வந்திருக்கு. அந்தப் பொருளுக்கு செக்ரிடின்னு பேர் வெச்சாங்க. இந்த வகைப் பொருளுக்கெல்லாம் பொதுவா 'ஹார்மோன்'ங்கற சொல்லை 1905ல ஸ்டார்லிங் மேடையில பயன்படுத்தினார். தூண்டிவிடறதுன்னு பொருள் தர்ற கிரேக்க வேர்ல இருந்து வந்த சொல் அது.

இதுக்கு ஒரு இருண்ட பக்கமும் இருக்கு. 1902 டிசம்பர்ல ஸ்டார்லிங் ஒரு பழுப்பு நாயோட கணையத்துல அறுவை செஞ்சார். 1903 பிப்ரவரியில அதே நாயை பேலிஸ் வகுப்புல அறுத்துக் காட்டினார். கூட்டத்துல உட்கார்ந்திருந்த ரெண்டு ஸ்வீடன் நாட்டுப் பெண்கள், நாய் சரியா மயங்கலன்னு எழுதினாங்க. அதை வெச்சு ஸ்டீபன் கோல்ரிட்ஜ்னு ஒருத்தர் மேடையில குற்றம் சாட்ட, பேலிஸ் அவதூறு வழக்கு போட்டு நவம்பர்ல ஜெயிச்சார். 2000 பவுண்டு இழப்பீடு. ஆனா விஷயம் அடங்கல. 1906ல பாட்டர்சீயில அந்த நாய்க்கு சிலை வெச்சாங்க. 1907ல மருத்துவ மாணவர்கள் சிலையை எதிர்த்துத் தெருவுல கலவரம் பண்ணினாங்க. 1910ல ராத்திரியோட ராத்திரியா சிலையைத் தூக்கிட்டாங்க. யார் பக்கம் நியாயம்னு என்கிட்ட கேட்டா, கண்டுபிடிப்பும் உண்மை, அந்த நாய் அதுக்கு சம்மதிக்கலங்கறதும் உண்மை. ரெண்டையும் ஒண்ணா சுமக்கறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல.

அந்த வழக்குக்கு ஒரு மாசம் முன்னாடி, 1903 அக்டோபர்ல, சென்னையில மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் ஒரு பக்கம் நாயை வெச்சுப் படிக்கிறாங்க, இன்னொரு பக்கம் நோயாளியா வர்ற விலங்குக்காகவே படிக்க ஆரம்பிக்கிறாங்க. அந்த வழியில வந்த படிப்புதான் 1985ல நாமக்கல் கல்லூரி வழியா மலை அடிவாரம் வரைக்கும் வந்து சேர்ந்தது.

டொராண்டோ கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வேகமா தாண்டிடறேன். 1921 ஜூலை 30, கணையம் எடுத்த ஒரு நாய்க்கு பாண்டிங்கும் பெஸ்ட்டும் சாற்றை ஊசியா போட்டாங்க, சர்க்கரை இறங்குச்சு. அடுத்த ஜனவரியில 14 வயசு லியோனார்ட் தாம்சனுக்கு அந்த ஊசி போச்சு. இன்சுலின் ஒரு புரதம், வாய்வழியா குடுத்தா வயிறு செரிச்சுடும். அதனால ஊசி. தைராக்சின் சின்ன மூலக்கூறு, வயித்தைத் தாண்டிப் போயிடும். அதனால மாத்திரை.

இப்போ தேவனூர் நாட்டு நாய்க்கு வருவோம். முதல் கசிவு குடல்ல. மனுஷங்க மாத்திரையில பெரும்பங்கை உறிஞ்சுக்குவோம், பலருக்கு 70-80 சதவீதம். நாய்க்குப் பாதி போய்ச் சேர்றதே கஷ்டம். சோத்தோட சேர்த்துக் குடுத்தா இன்னும் குறையும். அடுத்தது ரத்தத்துல. நமக்கு தைராக்சினை இறுக்கிப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போக ஒரு புரதம் நிறைய இருக்கு. சீசன் டிக்கெட் வெச்சிருக்கற பயணி மாதிரி, ஹார்மோன் சுத்திட்டே இருக்கும். நாய்க்கு அந்தப் புரதம் குறைவு. கல்லீரல் பிடிச்சு, பித்தத்துல கலந்து, மலத்தோட வெளியே தள்ளிடும். நம்ம உடம்புல தைராக்சின் பாதியா குறைய சுமார் 7 நாள் ஆகும். நாய்க்குப் பெரும்பாலும் 8-ல இருந்து 16 மணி நேரம்தான். அதனாலதான் ரெண்டு வேளை, அதனாலதான் அத்தனை மாத்திரை. இதையே திருப்பிப் பாருங்க: நாயோட 12 மாத்திரையை ஒரு மனுஷன் தினமும் முழுங்கினா இதயம் படபடன்னு அடிச்சு ஆபத்துல முடியும். அம்மாவோட டப்பாவும் நாயோட டப்பாவும் வேற வேற அலமாரியில இருக்கட்டும்.

அந்தத் தம்பிக்கு நான் எழுதினது இதுதான். அளவை நீங்களா ஏத்தாதீங்க, டாக்டருக்கு போன் பண்ணி இவ்வளவு நாள் ஒண்ணுதான் குடுத்தோம்னு சொல்லுங்க. முழு அளவு ஆரம்பிச்சு சில வாரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் பார்க்கச் சொல்வாங்க. மாத்திரை குடுத்து 4-ல இருந்து 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கற மாதிரி இருக்கும், அந்த நேரத்தை அவங்ககிட்டயே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போய் வரிசையில நிக்கணும்ல? மாத்திரையை விடியக்காலம் 6 மணிக்கு, களி வைக்கறதுக்கு முன்னாடி குடுத்துட்டுக் கிளம்பச் சொல்லுங்க அம்மாவை.