மாறுவேடத்தில் வந்த இரு பெட்டிகள்

விசிஆர் ஒன்றையும் முதல் தலைமுறை டிவோ ஒன்றையும் முதுகு நம்மைப் பார்க்கும்படி அருகருகே வைத்துப் பார்ப்போம். முகப்பில் இரண்டுக்கும் சாயலே இல்லை. ஒன்றில் கேசட்டை விழுங்கும் வாய், மற்றதில் சில விளக்குகள் மட்டும். பின்புறத்திலோ அதே ஆண்டெனாத் திருகுமுனைகள், அதே மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த விசிஆர் என்ற பதிவுக் கருவிக்கும் 1999இல் நுழைந்த டிவோ என்ற பதிவுக் கருவிக்கும் என்ன வேறுபாடு என்றால், அது நாடா, இது வன்தட்டு என்பார்கள். பின்புறக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு போனால் இதைவிடச் சுவையான விடை கிடைக்கிறது.

அன்றைய தொலைக்காட்சிகள் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டெனா முனை ஒன்றே வாசல். ஒரு நிலையம் ஒளிபரப்புவதை வாங்கத் தெரியுமே தவிர, பக்கத்தில் இருக்கும் பெட்டியிடமிருந்து படம் வாங்க அவற்றுக்குத் தெரியாது. ஆகவே விசிஆர் தன்னை ஒரு நிலையமாகக் காட்டிக்கொண்டது. உள்ளிருந்த ஆர்எஃப் மாடுலேட்டர், நாடாவிலிருந்து எடுத்த படத்தை 3ஆம் சேனலிலோ 4ஆம் சேனலிலோ ஏற்றி அனுப்பியது. எந்தச் சேனல் என்று தேர்ந்தெடுக்க முதுகில் ஒரு சிறு சுவிட்ச் இருந்தது. ஊரில் எந்த எண்ணில் நிலையம் இல்லையோ அதில் வைத்துக்கொள்ளலாம். ‘டெக்’ என்று நாம் அழைத்த கருவிக்கும் இதே வேடம்தான். வாடகை டெக் வந்திறங்கிய வீட்டில், கேசட்டைப் போட்டுவிட்டு டிவியின் டியூனரைத் திருகித் திருகிப் படத்தைத் தேடினார்களே, அது இந்தப் போலி நிலையத்தைத் தேடிய வேலை.

டிவோவுக்குச் சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கட்டணச் சேனல்களின் பூட்டைத் திறக்கக் கேபிள் நிறுவனத்தின் பெட்டியால்தான் முடியும். அந்தப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் வெளியே விடும். அதை மாற்றச் சொன்னால் ரிமோட்டுக்கு மட்டுமே கீழ்ப்படியும். எனவே டிவோவுடன் ஒரு மெல்லிய கம்பி வந்தது. அதன் நுனியில் மொச்சைக்கொட்டை அளவில் அகச்சிவப்பு விளக்கு. கேபிள் பெட்டியின் கண்ணுக்கு எதிரே அதை ஒட்டிவைத்தால், இரவு இரண்டு மணிக்கும் யாரோ சோபாவில் அமர்ந்து பொத்தானை அழுத்துவதாக எண்ணிப் பெட்டி சேனலை மாற்றும்.

விசிஆர் நிலையமாக நடித்தது. டிவோ பார்வையாளராக நடித்தது. முன்னது ஏமாற்றியது தன்னிடமிருந்து வாங்குபவரை. பின்னது ஏமாற்றியது தனக்குக் கொடுப்பவரை. போதாக்குறைக்கு முதல் டிவோக்களின் முதுகிலும் ஆர்எஃப் முனை உண்டு; பழைய தொலைக்காட்சி வைத்திருந்தவர்களுக்காக அதுவும் 3ஆம், 4ஆம் சேனல் வேடத்தைக் கட்டியது. ஒரே பெட்டிக்கு இரட்டை வேடம்.

வேடம் கலையும் விதத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. விசிஆரின் குட்டு உடனே வெளிப்படும். திரையில் புள்ளிமழை பொழியும், சுவிட்சைத் தள்ளிச் சரிசெய்யலாம். டிவோவின் குட்டு மறுநாள்தான் தெரியும். விளக்கு இலக்கங்களை அனுப்பும் வேகத்துக்குப் பெட்டி ஈடுகொடுக்காவிட்டால் ஓர் இலக்கம் தவறிப்போகும். விரும்பிய தொடரின் பெயரில் வேறு சேனலின் சமையல் நிகழ்ச்சி ஒரு மணி நேரம் பதிவாகியிருக்கும். முதல்முறை அமைக்கும்போதே வேகமா, நடுத்தரமா, மெதுவா என்று டிவோ கேட்டது இதனால்தான். அந்தக் கேள்வி அலட்சியமாகக் கடந்துவிடக்கூடியதாகத் தோன்றும். என் கணிப்பில் இணைப்பு முழுவதிலும் மிக முக்கியமான கேள்வி அதுவே.

இந்த எதிரெதிர்ச் சித்திரத்தைக் கொஞ்சம் குலைக்கும் தகவல் ஒன்றும் உண்டு. 1990இல் விற்பனைக்கு வந்த ‘விசிஆர் பிளஸ்’ என்ற கைக்கருவி, நாளிதழில் அச்சான எண்ணைத் தட்டினால் உரிய நேரத்தில் அகச்சிவப்பு ஒளியால் விசிஆருக்கே ஆணையிட்டது. ஆக, ஆளாக நடிக்கும் வித்தை டிவோ கண்டுபிடித்ததன்று; தாய்வழிச் சொத்து.

இணைப்பில் இரண்டும் ஒரே இடத்தில் அமர்கின்றன: வரும் கம்பிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில். அங்கே செய்வது மட்டும் ஒன்றல்ல. விசிஆரை அணைத்துவிட்டாலும் ஆண்டெனா அலை அதன் வழியே ஊடுருவித் தொலைக்காட்சியை அடையும். அது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. டிவோவோ வருவதையெல்லாம் எண்களாக மாற்றி, வன்தட்டில் எழுதி, மறுபடி படித்துத்தான் உள்ளே விடும். நேரலை என்று நாம் பார்ப்பதும் சற்று முன் எழுதப்பட்ட பதிவுதான். நேரலையை நிறுத்திவைக்க முடிந்ததன் ரகசியம் இதுவே.

நேரத்தை அறிய விசிஆருக்கு மனித விரல் தேவைப்பட்டது. மின்சாரம் போய்வந்த வீடுகளில் 12:00 என்று கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. டிவோவுக்குத் தொலைபேசிக் கம்பி தேவைப்பட்டது. அதன்வழி அழைத்து நிகழ்ச்சிப் பட்டியலையும் நேரத்தையும் தானே வாங்கிக்கொண்டது.

வேடமே வேண்டாத வழியும் பிறந்தது. 2000இல் டைரக்டிவியின் செயற்கைக்கோள் பெட்டிக்குள்ளேயே டிவோ குடியேறியது; 2006இல் வந்த மூன்றாம் தலைமுறை டிவோவில், பெட்டிக்குப் பதிலாகப் பூட்டைத் திறக்கும் கேபிள்கார்டைச் செருகும் இடங்கள் இருந்தன. 2008இல் இந்தியாவுக்கு வந்த டாடா ஸ்கை பிளஸ்ஸும் செயற்கைக்கோள் பெட்டிக்குள்ளேயே பதிவுக் கருவி குடியேறிய வகைதான். ஒன்றைப் பதிந்தபடியே வேறொன்றைப் பார்க்க டிஷ்ஷிலிருந்து இரண்டு கம்பிகள் இழுத்தால் போதும்.

எச்டிஎம்ஐ வந்தபின் நிலைமை தலைகீழானது. பாதுகாக்கப்பட்ட படத்தை அனுப்புமுன், எதிரே இருப்பது ஏற்கத்தக்க தொலைக்காட்சிதானா என்று பெட்டி சோதிக்கிறது. ஐயம் வந்தால் திரை இருண்டுவிடும். அதே தொலைக்காட்சியின் பின்னால் ஆண்டெனா முனையும் உள்ளே அனலாக் டியூனரும் இன்னும் இருக்குமானால், பரணிலிருந்து பழைய டெக்கை இறக்கி அதில் மாட்டலாம். அதன் சேனலைத் தேடிப் பிடித்தால், தொலைக்காட்சி எதுவும் கேட்காமல் அதை நிலையம் என்றே நம்பிப் படம் காட்டும்.