காத்திருந்தாலே ஆறும் ஈரல்: குருத்தணு ஆய்வில் எலி மாதிரியின் எல்லை

பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டாரத்தில் மழை ஓய்ந்ததும் பருத்திக்காட்டு வரப்புகளில் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். கண் மஞ்சளித்தால் அதைப் பறித்து அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பதுதான் பலருக்கு இன்றும் முதல் வைத்தியம். சில வாரங்களில் காமாலை இறங்கிவிடுகிறது. ஆனால் ஹெபடைடிஸ்-ஏ காமாலை மருந்தே இல்லாமலும் பெரும்பாலோருக்கு அதே சில வாரங்களில்தான் இறங்கும். அப்படியானால் ஆற்றியது இலையா, ஈரலா? எலிகளில் வெற்றி பெற்றதாகச் சொல்லப்படும் குருத்தணு (ஸ்டெம் செல்) சிகிச்சையையும் இதே கேள்வியால்தான் அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டு ஆய்வுலகுக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் ‘லான்செட்’ இதழில் கீழாநெல்லி ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ்-பி கிருமியைச் சுமந்தவர்களில் மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அக்கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. 1990இல் அதே இதழில் வந்த தாய்லாந்து ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் ஆய்வைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. ஒப்பீட்டுக் குழுவை வைத்து எண்களைத் திறந்து காட்டியதால்தான் அதைப் பிறர் சோதித்துப் பார்க்க முடிந்தது.

இனி எலிக்கு வருவோம். ஈரல் ஆய்வுகளில் மிகப் பழகிய நஞ்சு கார்பன் டெட்ராகுளோரைடு. அதை எண்ணெயில் கலந்து எலியின் வயிற்றுக்குள் ஊசியாகச் செலுத்துவார்கள். ஈரல் நொதியொன்று அதை உடைக்க, அதிலிருந்து பிறக்கும் வீரிய மூலக்கூறு மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்களைக் கொல்கிறது. ஓரிரு நாளில், ஈரல் சேதத்தைக் காட்டும் ஏ.எல்.டி. நொதியின் இரத்த அளவு உச்சத்துக்குப் போகிறது. அதன் பின் ஒரு வாரம் போல எலியைச் சும்மா விட்டாலே அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். நஞ்சை வாரக்கணக்கில் கொடுத்தால் தழும்பு உருவாகும். சாயமேற்றிய திசுத்துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒரு சிரையிலிருந்து அடுத்த சிரைக்கு நீலநிற நார்க்கீற்றுகள் பாலம்போல் ஓடுவது தெரியும். அந்தத் தழும்பும் நிலையானதல்ல. 1998இல் ஐர்டேல் குழு நான்கு வாரம் நஞ்சு கொடுத்து நிறுத்தியது. அடுத்த நான்கு வாரத்தில், எந்தச் சிகிச்சையும் இல்லாமல், நார் பெருமளவு கரைந்துவிட்டது.

நஞ்சை நிறுத்திய அன்றே குருத்தணுவைச் செலுத்தி, நான்கு வாரம் கழித்துத் திசுவை எடுக்கும் ஆய்வு எதை அளக்கிறது? பெரும்பகுதி எலியின் சொந்த ஆற்றலை. சிகிச்சை பெறாத எலியின் படத்தை அதே நாளில், அதே பெரிதாக்கத்தில், பக்கத்திலேயே அச்சிடாத கட்டுரையை நான் சான்றாக ஏற்கமாட்டேன்.

செலுத்திய செல் எங்கே போகிறது என்பது அடுத்த சிக்கல். எலியின் வால் சிரையில் செலுத்திய மீசன்கைமல் குருத்தணுக்களில் பெரும்பங்கு நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிவிடுகிறது. ஈரலை எட்டுபவை சொற்பம். 2000இல் லகாஸ் குழு, எலும்பு மஜ்ஜைச் செல்கள் மரபுக்கோளாறுள்ள சுண்டெலியின் ஈரலைச் சீர்செய்ததாகக் காட்டியபோது, மஜ்ஜைச் செல் ஈரல் செல்லாக மாறியது என்றே உலகம் எடுத்துக்கொண்டது. 2003இல் ‘நேச்சர்’ இதழின் இரு கட்டுரைகள் அது மாற்றமல்ல, செல்களின் இணைவு என்று காட்டின. பலன் உண்மை, விளக்கம்தான் பிழை.

மனிதரிடமும் முதல் நம்பிக்கை நிலைக்கவில்லை. மஜ்ஜைக் குருத்தணுக்களை இரத்தத்துக்குள் வரவழைக்கும் ஜி-சி.எஸ்.எஃப். மருந்தைத் தில்லியில் எஸ்.கே. சரின் குழு நாள்பட்ட ஈரல் நோயின் மேல் திடீரென ஈரல் செயலிழந்த 47 பேரிடம் சோதித்தது. 2012இல் வெளியான முடிவில், மருந்து பெற்ற 23 பேரில் 16 பேரும் வெற்று மருந்து பெற்ற 24 பேரில் 7 பேரும் பிழைத்திருந்தனர். 2021இல் ஜெர்மனியில் 176 பேரிடம் நடந்த ஆய்வில் அந்தப் பலனைக் காணமுடியவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கே முடிவு இப்படி மாறும்போது, இளம் எலியிடமிருந்து ஐம்பது வயதுக்காரருக்குத் தாவுவது எவ்வளவு துணிச்சல்!

பெரம்பலூர், அரியலூர் மருத்துவமனைகளுக்கு வரும் ஈரல் பல ஆண்டு மதுவால், ஹெபடைடிஸ்-பியால், சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்பால் கெட்டது. எலிக்கொல்லிப் பசையின் மஞ்சள் பாஸ்பரஸால் சில நாளில் அழிந்ததும் உண்டு. இவற்றில் எந்தச் சேதத்தை நம் மாதிரி ஒத்திருக்கிறது என்று ஆய்வாளர் முதலிலேயே எழுத வேண்டும். நஞ்சு தொடரும்போதும் பலன் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறந்த செல்களைச் செலுத்திய குழு ஒன்றும், எந்த எலி எந்தக் குழு என்று தெரியாமல் திசு பார்ப்பவர் ஒருவரும் வேண்டும். இவை இல்லாமல் எலிகளைக் கொல்ல விலங்கு நெறிக்குழுக்கள் அனுமதி தரக்கூடாது.

இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றத்தைத் தவிர மற்ற எதையும் முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இடம் தரவில்லை. ஈரலும் அந்த ‘மற்ற’வற்றில் ஒன்றுதான்.